முதலில் எறும்பைப் பாருங்கள், பாடம் அப்புறம்

மாங்காய் பறிக்க மரமேறி முசுறிடம் கடி வாங்காதவர்கள் சேலத்தில் குறைவு. கடித்த கையோடு அந்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சிவிடும். அந்த எரிச்சல் அதனால்தான். கண்ணங்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மல்கோவா மரம் நிற்கிறது. அதில் ஏறி நாலு கடி வாங்கிக்கொண்டு இறங்கிய ஒரு சித்திரை மாதத்தில்தான், கீழே நின்றபடி அந்தச் செவ்வெறும்புகளை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை எறும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றாம் வகுப்பில் படித்த சுறுசுறுப்பு மட்டும்தான்.

பூச்சிகளிடம் வாழ்க்கைப் பாடம் கற்பது என்றதும் ஒரு பட்டியல் தயாராக வந்து நிற்கும். எறும்பு என்றால் உழைப்பு, தேனீ என்றால் ஒற்றுமை, சிலந்தி என்றால் விடாமுயற்சி. (சிலந்தி பூச்சியே இல்லை. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு.) பூச்சியைப் பார்க்காமலேயே எழுதிவிடக்கூடிய பட்டியல் இது. பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தமான பூச்சியைத் தேடுகிறோம். இந்தக் கட்டுரை அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது: முதலில் பூச்சி என்ன செய்கிறது என்று பார்ப்போம், ஏன் செய்கிறது என்று கேட்போம், நமக்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

இதற்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'தோன்றியது'. 'எறும்பு குழம்பிப்போய் நிற்கிறது' என்று எழுத வந்தால் அது வலப்பக்கத்துச் சரக்கு. 'எறும்பு நின்றது, உணர்கொம்பை முன்னங்காலால் இரண்டு முறை துடைத்தது, வந்த வழியே திரும்பியது' என்பது இடப்பக்கம். தொடக்கத்தில் எல்லாருக்கும் வலப்பக்கம்தான் வேகமாக நிரம்பும். எனக்கும் அப்படித்தான்.

சரி, முசுறுக்கு வருவோம். இரண்டு மாவிலைகள் ஓர் அங்குல இடைவெளியில் தொங்குகின்றன. ஓர் எறும்பு ஓர் இலையின் விளிம்பில் பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு அடுத்த இலையை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. எட்டவில்லை. இன்னொன்று அதன் முதுகின் மேலேயே நடந்து முன்னே போய் உடம்பை நீட்டுகிறது. அதன் இடுப்பை முதல் எறும்பு தாடையால் கவ்விக்கொள்கிறது. அப்புறம் மூன்றாவது, நான்காவது. கடைசியில் தொங்கும் எறும்பு இலையைப் பிடித்ததும் மொத்தச் சங்கிலியும் பின்னோக்கி இழுக்கிறது. இலைகள் நெருங்கியதும், வேறு சில எறும்புகள் அரிசி மணி போல வெள்ளையாக ஒன்றைக் கவ்விக்கொண்டு வருகின்றன. அவை அந்தக் கூட்டின் புழுக்கள். வளர்ந்த எறும்பால் பட்டு நூல் விட முடியாது, புழுவால் முடியும். புழுவின் தலையை இந்த இலையில் ஒரு தொடு, அந்த இலையில் ஒரு தொடு, மறுபடி இந்த இலை. அம்மாபேட்டைப் பக்கம் தறியில் நாடா போய்வருவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதில் மேஸ்திரி யார்? யாருமில்லை. தொடக்கத்தில் எறும்புகள் கண்ட கண்ட இடத்தில் தனித்தனியாக இழுத்துப் பார்க்கின்றன. எந்த ஓரம் கொஞ்சம் மடங்கிக் கொடுக்கிறதோ அந்த ஓரத்துக்கு மற்றவை வந்து சேர்கின்றன. எங்கள் தெருவில் ஒரு சாக்கடை அடைப்புக்கு மூன்று முறை கூட்டம் போட்டோம். யார் பொறுப்பு என்பதிலேயே மூன்று கூட்டமும் முடிந்தது. நாலாவது வாரம் ஒருவர் மண்வெட்டியோடு தன் வாசல் முன்னால் இரண்டடி தோண்டினார். அரைமணி நேரத்தில் ஆறு பேர் வந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு மாமரம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் நானும் பட்டியல்காரிதான். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தப் புழு விடுகிற நூல், அது தனக்குக் கூடு கட்டிக்கொள்ள வேண்டிய நூல். வீட்டுக்கே எல்லாம் செலவாகிவிடுவதால் முசுறின் கூட்டுப்புழு உறையே இல்லாமல் வெறும் உடம்போடு கிடக்கும். கூட்டு முயற்சி என்று நாம் கைதட்டும் இடங்களில் யாருடைய நூல் தீர்ந்துபோகிறது என்று அதற்குப்பிறகு நான் தேடிப் பார்ப்பதுண்டு. வீட்டு விசேஷங்களில் பெரும்பாலும் அடுக்களையில் கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம். எல்லையோரத்தில் இருக்கும் கூடுகளில் வயதான எறும்புகள்தான் அதிகம் இருக்கும். அடுத்த மரத்துக் கூட்டத்தோடு சண்டை வந்தால் முதலில் நிற்பதும் அவைதான். இளசுகள் உள்ளே புழுக்களைப் பார்த்துக்கொள்கின்றன. விவசாயிக்கு முசுறு நல்லதா கெட்டதா என்றால் இரண்டும்தான். பயிரைத் தின்னும் புழு, வண்டுகளை வேட்டையாடும். சீனாவில் ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சு மரங்களில் பூச்சியை விரட்ட இந்தக் கூடுகளை வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அதே முசுறு, மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் இனிப்பு நீருக்காக மாடு மேய்ப்பது போல மேய்த்துக் காவலும் காக்கும். ஒரு பிராணியை ஒரே பாடத்துக்குள் அடைக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள்ளேயே தொடங்க நினைப்பவர்கள் அடுக்களைத் திட்டில் ஒரு வெல்லத் துணுக்கை வைத்துவிட்டுக் காத்திருங்கள். வரிசை உருவானதும், நடுவில் ஓரிடத்தில் விரலால் அழுத்தித் துடையுங்கள். அந்த இடம் வந்ததும் எறும்புகள் நின்றுவிடும், அங்குமிங்கும் அலையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பாதை ஒட்டிக்கொள்ளும். அவை போவது வாசனைக் கோட்டின் மேல். உணவு கண்ட எறும்பு திரும்பும்போது தரையில் வாசனையைத் தொட்டுக்கொண்டே வரும். அடுத்தது அதைப் பிடித்துப் போய்த் தானும் பூசும். குறுக்கு வழியில் போனவை சீக்கிரம் திரும்புவதால் அந்தப் பாதையில் வாசனை சீக்கிரம் கனத்துவிடும். எந்த எறும்பும் அளந்து பார்க்காமலே கூட்டம் குறுக்கு வழிக்கு வந்துவிடும். வெல்லம் தீர்ந்ததும் பூசுவோர் இல்லை, வாசனை ஆவியாகிப் பாதை மறைந்துவிடும். 'எப்பவும் இப்படித்தான் செய்வோம்' என்று எந்த எறும்பும் காலி டப்பாவுக்கு நடப்பதில்லை. நாம் எத்தனை காலி டப்பாக்களுக்கு நடக்கிறோம் என்பதை அவரவர் வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

சுறுசுறுப்பு விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில், பாறை இடுக்குகளில் வாழும் ஒரு சிற்றெறும்பு இனத்தின் ஒவ்வொரு எறும்புக்கும் வண்ணப்பொட்டு வைத்துக் கண்காணித்தார்கள். கூட்டில் சுமார் 40 சதவீதம் பெரும்பாலான நேரம் சும்மாவே இருந்தன. மிகச் சுறுசுறுப்பானவற்றை எடுத்துவிட்டால், ஒரு வாரத்துக்குள் சும்மா இருந்தவற்றில் சில எழுந்து வேலைக்கு வந்துவிட்டன. சும்மா இருந்தவற்றை எடுத்தால் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. 2017இல் வெளியான முடிவு இது. எல்லா எறும்பு இனமும் இப்படியென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்திருப்பவரிடம் "எறும்பைப் பார்த்துக் கத்துக்கோ" என்று சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். அவர் கத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார் என்றும் ஆகலாம்.

இனி மலைக்குப் போவோம். கோரிமேடு தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, சுமார் 1500 மீட்டர் உயரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காபி வந்தது. என் பெரியப்பாவுக்கு நாகலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம் உண்டு. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால் அதற்குப் பூமழை என்று பெயர். அடுத்த ஒரு வாரம் பத்து நாளில் மொத்தச் செடியும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போல மணக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த இரண்டு நாளும் தோட்டத்தில் நின்றால் ஒரு மோட்டார் ஓடுவது போலத் தேனீச் சத்தம் கேட்கும். காபிப் பூவின் தேனில் கொஞ்சம் காஃபீன் இருக்கிறது. அந்த அளவு காஃபீன் கலந்த சர்க்கரை நீரைக் குடித்த தேனீக்கள், ஒரு நாள் கழித்தும் பூ மணத்தை நினைவில் வைத்திருப்பது மும்மடங்கு அதிகம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். காலையில் டம்ளரோடு உட்காருகிற நமக்கு இது அதிசயமாகத் தோன்றாது.

தேனீயிடம் எனக்குப் பிடித்தது, அவை வீடு பார்க்கும் விதம். பெட்டியில் கூட்டம் பெருகிவிட்டால் ராணியோடு பாதிக்கும் மேற்பட்டவை பிரிந்துவந்து ஒரு கிளையில் குலையாகத் தொங்கும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் காக்க வேண்டிய கூடு அப்போது இல்லாததால் அந்த நேரத்தில் அவை சாதுதான். சில நூறு தேனீக்கள் மட்டும் பறந்துபோய்ப் பொந்து தேடும். கண்டது திரும்பிவந்து குலையின் மேல் உடலை ஆட்டி நடனமாடித் திசையையும் தூரத்தையும் சொல்லும். இந்த நடனத்தின் மொழியைப் புரியவைத்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. வீடு தேடும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் தாமஸ் சீலி. ஐரோப்பியத் தேனீக்களில் அவர் கண்டவை இவை: நல்ல பொந்து என்றால் நீண்ட நடனம், சுமாரான பொந்து என்றால் சுருக்கமான நடனம். நடனத்தைப் பார்த்த தேனீ அப்படியே ஆமோதித்து ஆடுவதில்லை. தானே பறந்துபோய், பொந்துக்குள் நடந்து பார்த்துவிட்டு வந்துதான் ஆடும். எவ்வளவு நல்ல பொந்தைக் கண்டிருந்தாலும், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் ஆட்டம் தானாகவே குறைந்துகொண்டே வரும். பழைய ஆள் ஓய்ந்துவிடுவதால் புதிதாகப் பார்த்து வருபவர்கள்தான் முடிவைச் சுமக்க வேண்டும். ஒரு பொந்தில் போதுமான ஆட்கள் கூடிவிட்டால் பேச்சு முடிந்தது, கிளம்பிவிடும்.

நாங்கள் வீட்டுமனை பார்த்த கதையை இதோடு ஒப்பிட்டேன். ஒருவர் போய்ப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரும் "அவரே பாத்துட்டாரு, நல்லாத்தான் இருக்குமாம்" என்று ஆடினோம். பார்த்தவரோ மூன்று மாதமும் முதல் நாள் வேகத்திலேயே பேசிக்கொண்டிருந்தார். மழைக்காலம் வந்ததும் மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பெரியப்பாவின் தோட்டத்தில் நான் கற்ற பெரிய விஷயம் தேனீயிடமிருந்து வந்ததல்ல. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், வெயில் பட்டால் காய் நன்றாகப் பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மேற்குச் சரிவில் இருந்த நிழல் மரங்களில் பாதியை வெட்டிவிட்டார். வெட்டிய சில்வர் ஓக் மரத்துக்கும் நல்ல விலை வந்தது. முதல் வருஷம் செடி செழித்தது. அப்புறம் ஒவ்வொன்றாக இலை மஞ்சளித்துத் தொங்கத் தொடங்கியது. தோட்டத்தில் நாற்பது வருஷம் வேலை செய்த பெரியவர் ஒருவர் செடித் தண்டை விரலால் தடவிக் காட்டினார்.

"இங்க கை வச்சிப் பாரு கண்ணு. தோலுக்குக் கீழ வரப்பு மாதிரி ஓடுதா?"

ஓடியது. கத்தியால் பிளந்ததும், மரத்தூள் இறுக்கமாக அடைத்த சுரங்கமும் அதன் முடிவில் ஒரு வெள்ளைப் புழுவும் தெரிந்தன. வெள்ளைத் தண்டுத் துளைப்பான். தோட்டக்காரர்கள் சுருக்கமாகப் 'போரர்' என்பார்கள். வளர்ந்த வண்டு கருப்பாக, குறுக்கே வெள்ளைக் கோடுகளோடு பார்க்க அழகாகவே இருக்கும். அது நல்ல வெயில் படும் தண்டைத் தேடி, பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். நிழலடித்த தண்டு அதற்குப் பிடிக்காது. அராபிகா காபிக்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய எதிரி பூச்சிகளில் கிடையாது. மருந்தைவிட, வண்டு வெளியே பறக்கும் பருவத்துக்கு முன்பே வரப்பு ஓடிய செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிப்பதுதான் பழக்கம். பெரியப்பா அந்த வருஷம் முந்நூறு செடி பிடுங்கினார்.

"பூச்சி எங்கிருந்தோ வரல. நாமதான் வெயிலப் போட்டு வரச் சொன்னோம்" என்றார் பெரியவர். பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. அடுத்த மழைக்கு நிழல் கன்று வைத்தார்.

இந்த இடத்தில் பூச்சி யாருக்கும் குணபாடம் நடத்தவில்லை. வண்டுக்கு விடாமுயற்சி இருந்தது என்றோ நேர்மை இருந்தது என்றோ நாம் எழுதப்போவதில்லை. அது எங்கே முட்டையிட்டது என்பதைக் கூர்ந்து பார்த்தால், நாம் எங்கே கைவைத்தோம் என்பது தெரிகிறது. பூச்சியைக் கவனிப்பதில் எனக்கு மிகப் பயன்பட்டது இந்த வகைப் படிப்புதான். வீட்டில் கரப்பான் கூடினால் எங்கே ஈரம் கசிகிறது என்று பார்ப்பதும், கொசு கூடினால் மொட்டைமாடியில் எந்தத் தொட்டி திறந்து கிடக்கிறது என்று பார்ப்பதும் இதே படிப்பின் சின்ன வகுப்புகள்.

பட்டாம்பூச்சிக் கதை ஒன்றும் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. கூட்டிலிருந்து வெளிவரத் தவித்த பட்டாம்பூச்சிக்கு ஒருவர் இரக்கப்பட்டுக் கூட்டைக் கத்தரித்தாராம், அது பறக்கவே இல்லையாம். கதையில் பாதி உண்மை உண்டு. வெளியே வந்த பட்டாம்பூச்சியின் சிறகு ஈரத்துணி போலச் சுருண்டிருக்கும். தன் உடல்திரவத்தை நரம்புகளுக்குள் செலுத்தி விரித்து, காயும்வரை தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொட்டாலோ விழுந்தாலோ சிறகு கோணிவிடும். ஆனால் 'கஷ்டப்பட்டால்தான் உயர முடியும்' என்ற நீதி நாம் ஒட்டியது. அதற்குத் தேவைப்பட்டது தொங்குவதற்கு ஒரு குச்சியும், யாரும் தொடாத ஒரு மணி நேரமும். கருப்பில் நீலப் பொட்டுப் போட்ட வரியன் வகைப் பட்டாம்பூச்சிகள் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் வந்து, ஐப்பசி வாக்கில் மேற்கே திரும்பும். திரும்புபவை வந்தவை அல்ல, அவற்றின் வாரிசுகள். போகாத ஊருக்கு வழி தெரிந்துகொண்டு போகின்றன. இதில் என்ன பாடம் என்று என்னைக் கேட்காதீர்கள். என் நோட்டில் அந்த வலப்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

தொடங்குபவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஒரே இடத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். முதல் நாலு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், அப்புறம் கண் பழகிவிடும். மார்கழியில் ஏற்காட்டுக்குப் போனால் பனி விலகி வெயில் ஏறும்வரை தூங்கலாம். பூச்சிகளின் உடம்பு வெளிச்சூட்டை நம்பி ஓடுவது. குளிரில் அவையும் எழுந்திருக்காது. பாறையிலோ உயர்ந்த மரத்திலோ மலைத்தேனீ அடை தொங்கினால் தூர நின்றே பாருங்கள், சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். கையில் எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் பழையபடி வையுங்கள், அது யாருடைய கூரையோ.

போன வைகாசி விடுமுறைக்கு அக்கா மகள் வந்திருந்தாள், ஆறாம் வகுப்பு. அவளுக்கும் ஒரு நோட்டு கொடுத்தேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், மழை படாத புழுதியில் புனல் மாதிரி ஒரு சின்னக் குழி இருந்தது. குழிநரி. அடியில் புதைந்திருக்கும் புழுவின் தாடை மட்டும் முள் போலத் தெரியும். ஓர் எறும்பு சரிவில் கால் வைத்ததும் மண் சரிந்தது. எறும்பு மேலேற ஏற, உள்ளிருந்து மண்ணை வீசி வீசி அதைக் கீழே இறக்கியது. பின் இழுத்துக்கொண்டது. இந்தப் புழு பின்னோக்கித்தான் நடக்கும். வளர்ந்தபின் தட்டான் போலச் சிறகு முளைத்து இரவில் பறக்கும். அவளிடம் சொன்னேன். அவள் பாதியைத்தான் கேட்டாள். கண் முழுக்கக் குழியில் இருந்தது. மறுநாளும் பார்த்தாள், அதற்கடுத்த நாளும் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. புழுவும் அசையவில்லை. நோட்டில் வலப்பக்கம் பெரிய எழுத்தில் 'பொறுமை' என்று எழுதிக் கலர் பென்சிலால் கட்டம் கட்டினாள்.

நாலாம் நாள் காலையில் என்னைப் பல் துலக்கக்கூட விடவில்லை.

"சித்தி, அது அங்க இல்ல!"

குழி பாதி தூர்ந்து கிடந்தது. அதிலிருந்து புழுதியில் ஒரு கோடு கிளம்பி, வளைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தன்னையே வெட்டிக்கொண்டு, எறும்பு வரிசை போகும் சுவரோரத்துக்குப் போய் முடிந்திருந்தது. அங்கே புதிதாக ஒரு குழி. அவள் மண்டியிட்டு விரலை விரித்து அளந்தாள். பிறகு நோட்டை எடுத்து, கட்டம் கட்டிய சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, இடப்பக்கத்தில் எழுதினாள்: 'ராத்திரி இடம் மாறிடுச்சு. ரெண்டு சாண்.'